உள்ளே நுழைவது நீங்களா?

தெருவில் அவரை எல்லோரும் மேகக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மழைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கண்ணுக்கெட்டாத தூரத்தில் எங்கோ ஒரு பிரம்மாண்டமான கட்டடம். அதற்குள் அடுக்கடுக்காகக் கணினிகள், குளிரில் நடுங்கிக்கொண்டு ராப்பகலாக உழைக்கின்றன. அவற்றில் மொத்தமாக இடம் வாங்கி, சில்லறையாக நறுக்கி, உள்ளூர்க்காரர்களுக்கு விற்பது அவர் தொழில். பேக்கரியின் கேக் ஆர்டர்கள், ஓட்டுநர் பள்ளியின் வகுப்பு நேரங்கள், அமரர் ஊர்தி நடத்துபவரின் முகவரிகள், மச்சினனின் பல் மருத்துவமனை எக்ஸ்ரேக்கள், எல்லாம் ‘கிளவுட்’ என்கிற அந்த மேகத்தில்தான் மிதந்தன. சாவி மட்டும் இவர் சட்டைப் பையில். கடை வாசலில் ‘இங்கே மேகம் கிடைக்கும்’ என்று பலகை மாட்டியிருந்தார். எதிர்க்கடைக்காரர் ஒருநாள் குடையோடு வந்து நின்று, "கால் கிலோ போடுங்க" என்றார். மேகக்காரர் சிரிக்கவில்லை. பெரிய தொழில் செய்கிறவன் சிரிக்கக் கூடாது என்பது அப்போது அவர் வைத்திருந்த கொள்கை.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு மேகத்தை மொத்தமாக விற்கும் நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் பாதுகாப்பை வலுப்படுத்துகிறோம்’ என்று தலைப்பு. திருடர்கள் இப்போதெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்குவதில்லையாம். எல்லா வீட்டுச் சாவியையும் வைத்திருக்கும் ஒரே ஆளை அமுக்கினால் போதுமாம். அந்த ஒரே ஆள் யாரென்றால், மறுவிற்பனையாளர். மேகக்காரருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஊரிலுள்ள வாடிக்கையாளர் கணக்கு எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்தது ஒரே கடவுச்சொல். அது அவருடைய முதல் ஸ்கூட்டரின் நம்பர். அந்த ஸ்கூட்டர் இன்னமும் கடை வாசலில்தான் நின்றது, நம்பர் பலகையோடு.

பாதுகாப்பை வலுப்படுத்துவதற்கான கூட்டம் ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்தது. போனுக்கு வரும் ரகசிய எண்ணைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். ஆனால் போனை வாசலில் வைத்திருந்த கூடையில் போட்டுவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். வரிசை அசையவில்லை. மறுவிற்பனையாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, இதுவும் பயிற்சியின் ஒரு பகுதியோ என்று பயபக்தியோடு நின்றார்கள். கடைசியில் யாரோ சமையலறைப் பக்கம் கதவு திறந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எல்லோரும் பாத்திரங்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கூட்டத்தை நடத்த வந்த பாதுகாப்பு இயக்குநரும் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அவருடைய கோட்டில் மாவு ஒட்டியிருந்தது.

"இந்த அரங்கத்திலேயே மிகப் பெரிய ஆபத்து எது தெரியுமா?" என்று அவர் தொடங்கினார். "நீங்கள்."

கைதட்டல். மேகக்காரர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். பக்கத்து நாற்காலிக்காரரைத்தான் சொல்கிறார் என்று அவருக்கு நினைப்பு.

"உங்களை நாங்கள் நம்பவில்லை. மனம் வருந்தாதீர்கள், எங்களையும் நாங்கள் நம்பவில்லை. போன வாரம் என் அறைப் பூட்டு என்னை அடையாளம் காண மறுத்துவிட்டது. சாயங்காலம் வரை தாழ்வாரத்தில் நின்றேன். அன்றைக்கு எங்கள் நிறுவனத்தில் ஒரு தவறான முடிவுகூட எடுக்கப்படவில்லை. இதைவிடப் பெரிய பாதுகாப்பு உண்டா, சொல்லுங்கள்."

புதிய முறை விளக்கப்பட்டது. இனிமேல் யாராவது ஒரு கணக்கில் நுழைய முயன்றால், உரியவர் போனில் ஒரு கேள்வி எழும்: ‘உள்ளே நுழைவது நீங்களா?’ கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘நான்தான்’, மற்றதில் ‘நான் இல்லை’. ஒவ்வொரு மறுவிற்பனையாளரும் குரலையும் முகத்தையும் பதிவு செய்ய வேண்டும். அவரே தொலைந்துபோனால் இவர்தான் அவர் என்று சாட்சி சொல்ல இரண்டாம் நிர்வாகி ஒருவரையும் நியமிக்க வேண்டும்.

மேகக்காரர் வீடு திரும்பியபோது அவர் நடையே மாறியிருந்தது. குரல் பதிவுக்குத் தலைமையகம் கொடுத்திருந்த வாசகம், ‘நான் நானே, வேறு யாரும் அல்லேன்.’ அதைக் கூடத்தின் நடுவில் நின்று, தொண்டையைச் செருமி, முடிசூட்டு விழாவில் பேசுவதுபோலப் பேசிப் பதிவு செய்தார். ரகசியக் கேள்விகளுக்கு உண்மையான பதில் கொடுப்பது ஏமாளிகளின் வேலை என்று கூட்டத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே ‘உங்கள் முதல் வாகனம்?’ என்பதற்கு ஒட்டகம் என்று எழுதினார். ‘பிடித்த நிறம்?’ என்பதற்குக் கத்தரிக்கோல். தன் புத்தியை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

இரண்டாம் நிர்வாகியாக மனைவியைப் போட்டார். அந்த அம்மாள் பொது நூலகத்தில் பொறுப்பாளர். கட்டிய கணவனுக்கே உறுப்பினர் அட்டை இல்லாமல் ஒரு புத்தகம் தந்ததில்லை. "என் பெண்டாட்டி நூலகத்துல எனக்கெதுக்கு அட்டை" என்று இவரும் அதுவரை வாங்கவில்லை.

"அந்த நிர்வாகிக்கு என்னங்க வேலை?" என்று கேட்டாள்.

"ஒரு வேலையும் இல்ல. சும்மா பேருக்குத்தான். எப்பவாவது கேட்டா, சரின்னு சொல்லணும்."

"கேட்டா சரின்னு சொல்ற வழக்கம் நமக்குள்ள எப்ப இருந்துச்சு?"

ஆனாலும் போனைப் பார்த்து முகத்தைக் காட்டினாள். அவள் முகத்தை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்ட இயந்திரம், இவர் முகத்தைப் பலமுறை திருப்பி அனுப்பியது. சிரிக்காதீர்கள் என்றது. சிரிக்கவில்லை என்று இவர் அதனிடம் வாதாடினார்.

அடுத்தது வாடிக்கையாளர்கள். கேள்வி அவரவர் போனுக்குப் போக வேண்டும் என்பதுதான் முறை. மேகக்காரர் யோசித்தார். பாவம், வேலைக்கு நடுவில் அவர்களுக்கு எதற்குச் சிரமம்? எல்லாக் கேள்வியும் தன் போனுக்கே வரும்படி அமைத்துவிட்டார். அதுமட்டுமல்ல, வாடிக்கையாளர் கணினியைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டாலே திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்படியும் செய்தார். வலுவென்றால் வலு, அப்படியொரு வலு.

அன்றிலிருந்து போன் ஓயவில்லை. "அண்ணே, நான் உள்ள போறேன், அமுக்குங்க" என்று பேக்கரிக்காரர் கூப்பிடுவார். இவர் ‘நான்தான்’ என்று அமுக்குவார். ஓட்டுநர் பள்ளி அம்மா கூப்பிடுவார். நான்தான். முடிதிருத்தகத்தில் முகம் முழுக்க நுரையோடு ஒரு நான்தான், குளியலறைக் கதவிடுக்கில் கையை நீட்டி ஒரு நான்தான். ஒரே நாளில் கேக் சுட்டு, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, பல் பிடுங்கி, பிணமும் ஏற்றிக்கொண்டிருந்தார் மனிதர். வெளியில் அலுத்துக்கொண்டாலும், ஊரே தன் கட்டைவிரலில் தொங்குகிறது என்ற நினைப்பு உள்ளுக்குள் இனித்தது. இனிப்பு அதிகமானதாலோ என்னவோ, வலது பக்கக் கீழ் ஞானப்பல் வீங்கியது.

மச்சினன் படமெடுத்துப் பார்த்துவிட்டு, அன்றே பிடுங்கிவிட வேண்டும் என்றான். ஊசி போட்டான். வலது தாடை கொஞ்சம் கொஞ்சமாக அவரைவிட்டுக் கழன்று, வேறு யாருடையதோ ஆனது. பல்லின் மேல்பாதியை வெட்டி எடுத்தாகிவிட்டது. இனி வேரைத்தான் எடுக்க வேண்டும். அதற்காகத் திரையை நிமிர்ந்து பார்த்தான். திரை பூட்டிக்கொண்டிருந்தது. கையுறையோடு முழங்கையால் விசைப்பலகையைத் தட்டினான்.

நாற்காலியில் சாய்ந்திருந்த மேகக்காரரின் மார்பின் மேல் போன் அதிர்ந்தது. ‘உள்ளே நுழைவது நீங்களா?’

அன்று காலையில்தான் தலைமையகம் கடுமையான சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. உள்ளே நுழைவது உண்மையிலேயே நீங்களாக இருந்தால் மட்டுமே ‘நான்தான்’ என்று அழுத்தவும், பொய்யாக அழுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று. மேகக்காரர் மல்லாந்து கிடந்தபடி தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். நானா நுழைகிறேன்? நான் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறேன். மருந்து தந்த தெளிவோ என்னவோ, வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு உண்மை பேசத் தோன்றியது. ‘நான் இல்லை’ என்று அழுத்தினார்.

போன் சிவந்தது. தாக்குதல் முறியடிக்கப்பட்டது என்றது. பாராட்டுகள் என்றது. மறுவிற்பனையாளரின் கணக்கும், அவருக்குக் கீழேயுள்ள அனைத்து வாடிக்கையாளர் கணக்குகளும் பாதுகாப்பு கருதி உடனடியாகப் பூட்டப்பட்டன என்றது.

மச்சினன் குறடைக் கீழே வைத்தான்.

"அத்தான், என்ன அமுக்குனீங்க?"

மேகக்காரர் போனைத் திருப்பிக் காட்டினார். மச்சினன் அதைப் படித்தான். பிறகு சத்தம் போடாமல், டாக்டர்கள் கெட்ட செய்தி சொல்லும்போது வைத்துக்கொள்ளும் குரலில் சொன்னான்: "வேரு வளைஞ்சு நரம்பைத் தொட்டுக்கிட்டு நிக்குது. எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு படத்தைப் பாக்காம இழுத்தேன்னா, உதடு ஆயுசுக்கும் இப்படியே மரத்துக் கெடக்கும். இழுக்காம விட்டா, மருந்து இறங்கினதும் நீங்க கூரையைப் பிச்சுக்கிட்டுப் போவீங்க. வேற படம் எடுக்கலாம்னா, அந்த மெஷினும் உங்க மேகத்தைக் கேட்டுத்தான் கண்ணைத் திறக்கும். நீங்கதானே இணைச்சு விட்டீங்க?"

ஆமாம், அவர்தான். அதைச் செய்து முடித்த அன்று பூரித்துப்போய் மச்சினன் முதுகில் தட்டியதும் நினைவுக்கு வந்தது. இப்போது அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, மருந்தின் வேகம் குறைவதற்குள் மேகத்தைத் திறப்பது.

தலைமையகத்தின் நம்பிக்கைப் பிரிவுக்குப் போன் போட்டார்கள். யாரையும் நம்பாமலிருப்பது அந்தப் பிரிவின் வேலை. எடுத்தவர் ஒரு பெண் அதிகாரி. குரல் தேன். பதிவு செய்த வாசகத்தைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மேகக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதி வாயை வைத்துக்கொண்டு, நான் நானே என்பதைத் தன்னால் இயன்ற மட்டும் சொன்னார். கொட்டாவியும் குறட்டையும் சேர்ந்து குழைந்து வந்தன.

"மன்னிக்கணும் சார். நீங்க நீங்க இல்ல" என்றார் அதிகாரி.

முகத்தைக் காட்டச் சொன்னார். ஒரு கன்னம் பூசணிபோல உப்பி, வாயில் பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. இயந்திரம் நெடுநேரம் யோசித்தது. பதிவிலிருக்கும் மறுவிற்பனையாளர் முகத்தோடு பொருந்தவில்லையாம். தேடப்படும் கணினித் திருடன் ஒருவனின் முகத்தோடு ஓரளவு பொருந்துகிறதாம். அதிகாரி இதையும் வருத்தம் தெரிவித்துத்தான் சொன்னார்.

ரகசியக் கேள்விகள் மிச்சம். மேகக்காரருக்கு நம்பிக்கை வந்தது. முதல் வாகனம் எது? மச்சினன் நீட்டிய துண்டுச் சீட்டில் ஸ்கூட்டர் என்று எழுதினார். தவறு. பிடித்த நிறம்? பச்சை. தவறு. அப்போதுதான் அவருக்குத் தன் சாமர்த்தியம் நினைவுக்கு வந்தது. ஏதோ ஒரு மிருகம். என்ன மிருகம்? யானை என்று எழுதினார். தவறு.

"சார், உங்க முதல் வாகனம் ஸ்கூட்டரா யானையான்னு உங்களுக்கே உறுதியா தெரியல. இந்த நிலைமையில எப்படித் திறக்கறது?" என்றார் அதிகாரி. "ஆனா ஒண்ணு, கவலைப்படாதீங்க. உங்க கணக்கு இப்ப மாதிரிப் பாதுகாப்பா எப்பவுமே இருந்ததில்ல. யாராலயும் உள்ள போக முடியாது."

"அவராலயும் முடியலையே" என்றான் மச்சினன்.

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

இதற்குள், மேகக்காரர் போன் கிடைக்காத மற்ற வாடிக்கையாளர்கள் மச்சினன் போனுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். பேக்கரியில் எந்தக் கேக்கில் யார் பெயர் எழுதுவதென்று தெரியாமல் எல்லாக் கேக்கிலும் வாழ்த்துகள் என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அமரர் ஊர்திக்காரர் நிதானமான மனிதர். "வண்டி கிளம்பிடுச்சு டாக்டர். எந்த வீடுன்னுதான் தெரியல. மெதுவா சுத்திக்கிட்டு இருக்கோம். யாராவது வெளியில நின்னு அழுதா நிறுத்திக்கிறோம்" என்றார்.

மேகக்காரரின் உதட்டோரத்தில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. மருந்து இறங்கத் தொடங்கிவிட்டது. மச்சினன் மறுபடி ஊசி போட்டான். இனிமேல் போட முடியாது என்றும் சொன்னான்.

கடைசி வழி, இரண்டாம் நிர்வாகி. மச்சினன் நூலகத்திலிருந்த அக்காவையும் அதே அழைப்பில் வீடியோவில் சேர்த்தான். அவள் பின்னால் புத்தக அலமாரிகள் தெரிந்தன. நூலகம் என்பதால் மெதுவாகப் பேசினாள். அதனாலேயே அவள் பேசியது இன்னும் பயமாக இருந்தது. அதிகாரி முறைப்படி விளக்கினார்: இவர் உங்கள் கணவர்தான் என்று நம்பி, கணக்கைத் திறக்கச் சம்மதம் தர வேண்டும்.

"நம்பியா? எதை வச்சு?" என்று கேட்டாள் அவள்.

அதிகாரி தடுமாறினார். இதுவரை இரண்டாம் நிர்வாகிகள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்களாம்.

"மூஞ்சி வேற மாதிரி இருக்கு. குரல் வேற மாதிரி இருக்கு. அவரோட போன்லேர்ந்து பேசுறாரு, அதைத் திருடிட்டு வந்தவனும் பேசலாம். பக்கத்துல என் தம்பி நிக்கிறான், அவன் சின்ன வயசுலேர்ந்தே யார் சொன்னாலும் நம்புவான்."

"அக்கா, எனக்கு வெளியில நோயாளிங்க காத்திருக்காங்க" என்றான் தம்பி.

"இருக்கட்டும். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்." அவள் திரைக்கு நெருங்கி வந்தாள். "நூலகத்துலேர்ந்து ஒரு துப்பறியும் நாவல் காணோம். நீலக்கலர் அட்டை. பதிவு பண்ணாம யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. எடுத்தது நீங்களா?"

மேகக்காரர் திகைத்தார். அந்த நாவல் அவருடைய ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் இருந்தது. கொலைகாரன் யாரென்று தெரிய இன்னும் சில பக்கங்கள்தான் பாக்கி. அவர் மிகுந்த நேர்மையோடு தலையை இடமும் வலமும் ஆட்டினார். கூடவே, அவர் அறியாமல், அவருடைய கை மேலே போய் இடது காதுமடலைத் தடவியது.

"இவர்தான்" என்றாள் மனைவி. "பொய் சொல்றப்ப இப்படிக் காதைத் தடவற ஆள் உலகத்துல வேற கிடையாது. ஆனா நம்பறேன்னு மட்டும் எழுதாதீங்க. இவர்தான்னு தெரியுது, அவ்வளவுதான்."

அந்தப் பக்கத்திலிருந்து தேன் குரல் லேசாக உடைந்து வந்தது. "மேடம், நம்பக் கூடாது, சரிபார்க்கணும். இதைத்தான் நாங்க வருஷக்கணக்கா எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கறோம். முதல் தடவையா ஒருத்தர் புரிஞ்சுக்கிட்டிருக்காங்க."

அதிகாரி கையோடு கணக்கைத் திறந்து, முதல் நிர்வாகியாக மனைவியை நியமித்தார். கணவர் இரண்டாமவரானார். மேகக்காரருக்கு அதில் புதிதாக எதுவும் தெரியவில்லை. வீட்டு நிலவரத்தை மேகம் இப்போதுதான் தெரிந்துகொண்டது என்று நினைத்துக்கொண்டார்.

மச்சினன் திரையைத் திறக்கப் போனான். இம்முறை கேள்வி நூலகத்தில் அவள் போனில் எழுந்தது. அவள் அமுக்கவில்லை.

"இது என்ன, உள்ள போறது நீ. நானான்னு என்னைக் கேக்குது?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஊரார் கேள்வி எல்லாம் ஒரே போனுக்கு. அவள் கணவனை உற்றுப் பார்த்தாள். "என் நூலகத்துல ஆளுக்கொரு அட்டை. ஊர்க்காரங்க அட்டையை எல்லாம் நானே வச்சுக்கிட்டு நானே புத்தகம் எடுத்துக் கொடுத்தா, அதுக்குப் பேரு நூலகமா? அவங்கவங்களுக்கு வர்ற கேள்வி அவங்கவங்க போனுக்குப் போக வேண்டியதுதானே? ஏன் அப்படிச் செய்யல?"

மேகக்காரர் துண்டுச் சீட்டை எடுத்தார். வாடிக்கையாளர் சிரமம் என்று எழுதத் தொடங்கினார். கை காதுப் பக்கம் போவதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். அடித்துவிட்டு எழுதினார்: ‘அப்புறம் எனக்கு யார் போன் பண்ணுவாங்க?’

மச்சினன் அதைச் சத்தமாகப் படித்தான். தலைமையகத்து அதிகாரிகூட ஒரு பெருமூச்சு விட்டார்.

அவள் தம்பியின் கேள்வியைத் தம்பி போனுக்கே மாற்றினாள். அதற்கு ஆன நேரம், மேகக்காரர் ஒரு முறை எச்சில் விழுங்க எடுக்கும் நேரம். மச்சினன் கையுறையைக் கழற்றி, தன் கட்டைவிரலால் ‘நான்தான்’ என்று அமுக்கினான். அவன்தான். படம் வந்தது. வேர் இடது பக்கம் வளைந்திருந்தது. "வலப் பக்கமா இழுக்கலாம்னு இருந்தேன்" என்று அவன் முணுமுணுத்ததைக் கேட்காததுபோல மேகக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஞானப்பல் வெளியே வந்தது. சாயங்காலம் மச்சினன் ஊசி முனையால் உதட்டைக் குத்தியபோது சுரீரென்று வலித்தது. வலிக்கிறது வலிக்கிறது என்று அவர் ஆனந்தமாகக் கத்தினார். அமரர் ஊர்திக்காரரும் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. அந்த வாரமே ஊர்க் கேள்விகள் ஊராரிடம் போய்ச் சேர்ந்தன. மேகக்காரரின் போன் ஊமையானது. நூலகத்தில் வரிசையில் நின்று உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டார். கொலைகாரன் தோட்டக்காரன்தான் என்று தெரிந்துகொண்ட பிறகே புத்தகத்தைத் திருப்பினார்.

கொஞ்ச நாள் கழித்துத் தலைமையகத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. அந்த ஆண்டின் தலைசிறந்த பாதுகாப்பு வீரர் விருதாம். விருது அவருக்கு. அழைப்பிதழ் முதல் நிர்வாகிக்கு.

அதே ஹோட்டல், அதே கூடை. மனைவி போனைக் கூடையில் போட்டுவிட்டு, முகத்தைக் காட்டி உள்ளே போனாள். இவர் முகத்தைக் காட்டினார். பல் போன பக்கம் கன்னம் லேசாக ஒடுங்கியிருந்தது. பொருந்தவில்லை. நூலக அட்டையை நீட்டினார். வாசலில் நின்ற காவலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். சமையலறைக் கதவு இந்தத் தடவை பூட்டப்பட்டிருந்தது. தலைமையகம் ஒன்றும் பாடம் கற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

காவலாளி தன் கருவியில் ஏதோ தட்டினார். கூடைக்குள் மனைவியின் போன் அதிர்ந்து ஒளிர்ந்தது. ‘வாசலில் நிற்பவர் உங்களுடன் வந்தவரா?’ கீழே இரண்டு பொத்தான்கள். கை நீட்டினால் எட்டும் தூரம். காவலாளி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மேகக்காரரின் கட்டைவிரல் பழைய ஞாபகத்தில் ஒரு துடி துடித்தது. அவர் அந்த விரலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

உள்ளே இயக்குநரின் குரல் ஒலிபெருக்கியில் முழங்கியது. "அன்று ஒரு மாபெரும் தாக்குதல் நடந்தது. தாக்கியவன் சாதாரணமானவன் அல்ல. கையில் குறடு வைத்திருந்தவன். அந்த நொடியில், தாங்க முடியாத வலியிலும், நம் வீரர் பொத்தானை அழுத்தினார். விளைவு? அவரும் உள்ளே போகவில்லை, வாடிக்கையாளர்களும் போகவில்லை, நாங்களும் போகவில்லை. முழுமையான பாதுகாப்பு. அந்த மாமனிதர் இதோ நம்மிடையே அமர்ந்திருக்கிறார். எழுந்து நில்லுங்கள் ஐயா."

அரங்கம் அதிர்ந்தது. கைதட்டல் ஓயவேயில்லை. எழுந்து நிற்பவர் யாரென்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

"பெரிய ஆளு போல" என்றார் காவலாளி, கதவுப் பக்கம் காதைச் சாய்த்து. "யாருக்குங்க இவ்வளவு கைதட்டல்?"

மேகக்காரர் பல்லிருந்த குழியை நாக்கால் ஒரு முறை தடவிப் பார்த்தார். காதைத் தடவவில்லை.

"நான் இல்லை" என்றார்.